ஹகிவாராவின் ஐந்து ஏக்கர்

கோல்டன் கேட் பூங்காவின் பசுமையைப் பார்த்தால் அதன் அடியில் கிடப்பது கடல் மணல் என்று தோன்றாது. 1870க்கு முன்பு சான் பிரான்சிஸ்கோவின் இந்த மேற்குப் பக்கம் முழுவதும், காற்றடிக்கும் திசையில் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகள்தான். வில்லியம் ஹம்மண்ட் ஹால் என்ற பொறியாளர் புல்லையும் புதர்ச்செடியையும் வளர்த்து மணலைக் கட்டி நிறுத்தினார். பிறகு வந்த ஜான் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அரை நூற்றாண்டுக்கும் மேல் பொறுப்பில் இருந்து, ஓயாமல் மரம் நட்டார். இன்று 1,017 ஏக்கர். ஒரு முனையில் நகரம், மறுமுனையில் பசிபிக் சமுத்திரம். உள்ளே அருங்காட்சியகங்கள், ஏரி, ரோஜாத் தோட்டம், காட்டெருமைப் பட்டி என்று என்னென்னவோ இருக்கின்றன. ஐந்து ஏக்கரில் ஒரு ஜப்பானியத் தேநீர்த் தோட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஜப்பானியத் தோட்டங்களில் இதுதான் மிகப் பழையது.

என் அக்காவுக்கு முழங்கால் வலி. ஃப்ரீமாண்டில் மகன் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவளுக்கு ஒரே குறை. பேரன் பேத்திகள் கூப்பிடும் இடமெல்லாம் மலையேற்றம். "எங்கயாவது சமதரையா, நடுவுல உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி ஒரு இடம் சொல்லுடா" என்றாள். நான் இந்தத் தோட்டத்தைச் சொன்னேன். பார்ட் ரயிலில் நகரத்துக்குள் வந்து, ஃபுல்ட்டன் சாலையில் போகும் ஐந்தாம் நம்பர் பஸ் பிடித்தோம். எட்டாவது அவென்யூவில் இறங்கிப் பூங்காவுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஜூலை மாதம். ஃப்ரீமாண்டில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இங்கே மூடுபனி இறங்கி, அக்கா ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டாள். சான் பிரான்சிஸ்கோவின் கோடைகாலம் அப்படித்தான்.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நகரவாசிகளுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் காசு, முதியவர்களுக்குச் சலுகை என்று எழுதியிருந்தது. வாரத்தில் சில நாட்கள் திறந்தவுடன் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் கட்டணமில்லை என்பதையும் அக்கா படித்துவிட்டாள். "அப்போ சீக்கிரமே கிளம்பியிருக்கலாமே" என்று முணுமுணுத்தபடி சலுகைச் சீட்டை வாங்கிக் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

கூரை போட்ட மரவாசலைத் தாண்டியதும் தோட்டம் கண்ணில் படாது. ஒரு வளைவு, வெட்டிச் சீராக்கிய புதர், ஒரு பைன் மரத்தின் சாய்ந்த கிளை, அவ்வளவுதான். நாலு தப்படி வைத்தால் குளத்தின் ஒரு மூலை தெரியும். இன்னும் நாலு வைத்தால் அது மறைந்து ஒரு கல்விளக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடக் கூடாது என்பது ஜப்பானியத் தோட்டக்காரர்களின் பழைய விதி. மறைத்துக் காட்டுவதிலேயே ஐந்து ஏக்கரை ஐம்பது ஏக்கராக்கிவிடுவார்கள். வெர்சாய் போன்ற ஐரோப்பிய அரண்மனைத் தோட்டங்களில் மாடியில் நின்றால் மொத்த வரைபடமும் கண்முன் விரியும். இங்கே நடந்தால்தான் தோட்டம். உட்கார்ந்தவனுக்கு ஒரு காட்சிதான் கிடைக்கும்.

அக்காவின் முழங்காலுக்குப் பாதை ஒத்துவந்தது. முக்கியப் பாதைகள் சமமாகவே இருந்தன. சில இடங்களில் கல்படிகளும், தண்ணீருக்கு நடுவே கால் வைத்துத் தாண்டும் படிக்கற்களும் உண்டு. கற்கள் வேண்டுமென்றேதான் ஒழுங்கில்லாமல் பதிக்கப்பட்டிருக்கின்றன. கால் எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்தாக வேண்டும். நடை தானாகக் குறையும். நிமிர வைக்கும் இடத்தில் ஒரு பெரிய கல்லைப் போட்டிருப்பார்கள். அங்கே நின்று தலையைத் தூக்கினால் ஏதாவது ஒன்று காத்திருக்கும். எனக்கு அன்றைக்குக் காத்திருந்தது ஒரு மேப்பிள் மரம். பனி அதன் மெல்லிய இலைகளில் கோத்து, காற்றே இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மார்ச், ஏப்ரலில் செர்ரி பூக்கும்போது வந்தால் தோட்டம் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும். கூட்டமும் தேர்த் திருவிழா அளவுக்கு இருக்கும் என்று மருமகன் சொல்லியிருந்தான். பச்சையும் சாம்பலும் மட்டும் இருந்த ஜூலையே எனக்குப் போதுமாக இருந்தது.

எல்லோரும் முதலில் ஓடிப்போய் நிற்பது மேளப் பாலத்தில்தான். அரைவட்டமாக வளைந்த மரப்பாலம். பாலம் என்பதைவிட, வளைத்துவிட்ட ஏணி என்றால் பொருந்தும். குறுக்குச் சட்டங்களில் கால் வைத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். இறங்கும்போது முதுகைக் காட்டியபடி இறங்குவதே உத்தமம். தண்ணீர் அசையாமல் இருந்தால் மேலே உள்ள அரைவட்டமும் கீழே விழும் பிம்பமும் சேர்ந்து முழு வட்டமாகிவிடும். இந்தக் காட்சிக்காகவே அப்படிக் கட்டுகிறார்கள். அக்கா கீழேயே நின்று பையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறினேன். உச்சியில் ஒரு சீனப் பாட்டி, இரண்டு பஞ்சாபிப் பையன்கள், கையில் குழந்தையோடு ஒரு ஸ்பானிஷ் அம்மா என்று நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் வழிவிட முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.

இந்தப் பாலத்தின் கதை 1894இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி. சிகாகோவில் அப்போது உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த பத்திரிகை முதலாளி மைக்கேல் டி யங், நம் ஊரிலும் ஒன்று நடத்தினால் வியாபாரம் பிழைக்கும் என்று கிளப்பிவிட்டார். கிழக்கே பனி உறைந்து கிடக்கும் மாதத்தில் கலிஃபோர்னியாவில் வெளியே உலாவலாம் என்று காட்டுவதற்காகவே 'குளிர்காலப் பொருட்காட்சி' என்று பெயரும் வைத்தார்கள். அதில் ஒரு ஏக்கர் அளவில் 'ஜப்பானிய கிராமம்' அமைத்தவர் ஜார்ஜ் டர்னர் மார்ஷ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஜப்பானியக் கலைப்பொருட்களை வரவழைத்து விற்றவர். கிராமத்தில் பார்வையாளர்களை ரிக்ஷாவில் வைத்து இழுக்க ஏற்பாடு செய்தார். மனிதனை மனிதன் இழுக்கும் வேலையில் எங்கள் ஆட்களை நிறுத்தாதே என்று ஊரில் இருந்த ஜப்பானியர்கள் எதிர்த்தார்கள். மார்ஷ் அசரவில்லை. ஜெர்மானியர்களைப் பிடித்து, முகத்தில் கறுப்பு பூசி, ஜப்பானிய உடை மாட்டி ரிக்ஷா இழுக்க வைத்தார். தோட்டம் பிறந்த லட்சணம் இதுதான். வேடிக்கைக்காகச் செய்த ஜப்பான்.

பொருட்காட்சி ஜூலையோடு முடிந்தது. கூடாரங்களையும் மண்டபங்களையும் பிரித்தார்கள். ஜப்பானிய கிராமமும் போயிருக்க வேண்டியது. அப்போதுதான் மகோதோ ஹகிவாரா என்ற ஜப்பானியர் மக்லாரனிடம் போய், இதை நிரந்தரத் தோட்டமாக்கிப் பராமரிக்க என்னை விடுங்கள் என்று கேட்டார். கைகுலுக்கியதோடு ஒப்பந்தம் முடிந்தது என்பார்கள். கையெழுத்துப் போட்ட பத்திரம் எதுவும் இல்லை. நான் படித்த வரலாறுகளில் இந்தக் கைகுலுக்கலை நட்பின் அடையாளமாகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அங்கேயே மனசுக்குள் மணி அடித்தது. பத்திரம் இல்லாத நிலத்தில் வீடு கட்டியவன் கதை எப்படி முடியும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

ஹகிவாரா ஒரு ஏக்கரை ஐந்து ஏக்கராக வளர்த்தார். ஜப்பானிலிருந்து செடிகளையும் பறவைகளையும் வண்ணமீன்களையும் தருவித்தார். கைக்காசைக் கொட்டினார். 1900ஐ ஒட்டி நிர்வாகம் அவரை வெளியே அனுப்பியது. அவர் சும்மா இருக்கவில்லை. பூங்காவுக்கு வெளியே பக்கத்திலேயே போட்டித் தோட்டமும் தேநீர்க்கடையும் போட்டார். உள்ளே இருந்தது வாடியது. 1907இல் அவரையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தோட்டக்காரன் பலத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. குடும்பம் தோட்டத்துக்குள்ளேயே பெரிய வீடு கட்டிக் குடியிருந்தது. 1925இல் அவர் காலமானபின் மகள் டகானோவும் அவர் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் ஹகிவாராவால் அமெரிக்கக் குடிமகனாக முடியாது. ஜப்பானில் பிறந்தவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே போட்டது. டகாவோ ஓசாவா என்ற ஜப்பானியர் உச்ச நீதிமன்றம் வரை போனார்; 1922இல் தோற்றார். அடுத்த சில மாதங்களிலேயே, 1923இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கும் அதே நீதிமன்றத்தில் தோற்றது. நம் ஆட்களும் அந்தச் சட்டத்தின் வலைக்குள்தான் இருந்தார்கள். ஃப்ரீமாண்டில் சொந்த வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்த என் மருமகனுக்கு இது தெரியாது. அக்காவிடம் சொன்னபோது அவளும் நம்பவில்லை. "நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இதையெல்லாம் நான் சொன்னது தேநீர்க் கூடத்தில் உட்கார்ந்து. பக்கவாட்டில் சுவர் இல்லாத மரக்கூடம், குளத்தைப் பார்த்தபடி பெஞ்சுகள். வறுத்த அரிசி போட்ட பச்சைத் தேநீர் எனக்கு. இலையையே வறுத்துப் போட்ட ஹோஜிச்சா அக்காவுக்கு. பாலும் சர்க்கரையும் வராது என்று தெரிந்தபோது அவள் முகம் மாறியது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "கஷாயம்னு நினைச்சுக் குடிச்சா நல்லாத்தான் இருக்கு" என்றாள். குளிருக்கு அது இதமாகவே இறங்கியிருக்க வேண்டும். இன்னொரு கோப்பை கேட்டாள். கூடவே மடித்த பிஸ்கட்டுகள் வந்தன. உடைத்தால் உள்ளே ஒரு சீட்டு இருக்குமே, அந்த ஃபார்ச்சூன் குக்கி. பக்கத்து மேசையிலிருந்து ஒன்றை அணில் தூக்கிக்கொண்டு ஓடியது. நம் ஊர் அணில் மாதிரி மூன்று கோடு கிடையாது. பூனைக்குட்டி பருமன், சாம்பல் நிறம், பயமே இல்லாத ஜென்மம். பணிப்பெண் துரத்தவும் இல்லை. தினம் நடப்பதுபோல.

தேநீர்க் கூடத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே ஐந்தடுக்குச் சிவப்புக் கோபுரம் தெரியும். அது 1915இல் இதே ஊரில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியின் ஜப்பானியப் பகுதியிலிருந்து வந்தது. உள்ளே போக முடியாது, படம் எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானியத் தோட்டக்கலையில் ஊறியவர்கள் இந்தக் கோபுரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். கோயிலில் இருக்க வேண்டிய கோபுரத்தைத் தேநீர்த் தோட்டத்தில் வைப்பதா, பாலம் இவ்வளவு பகட்டாக இருப்பதா, ஒரு ஓரத்தில் ஃபூஜி மலை வடிவில் புதரை வேறு வெட்டியிருக்கிறார்களே என்று. அவர்கள் சொல்வது நியாயம்தான். ஒரே கை வரைந்த தோட்டம் அல்ல இது. ஒவ்வொரு கல்யாணத்திலும் வந்த சீர்ச்சாமான் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடக்கும் பழைய வீட்டுக்கூடம் மாதிரி, ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் கொண்டுவந்து வைத்தவை. அளவாக, அடக்கமாக அமைந்த ஜப்பானியத் தோட்டங்கள் அமெரிக்காவில் வேறு இருக்கின்றன. போர்ட்லாந்தில் உள்ளதை வல்லுநர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தக் கலவையான கூடம்தான் பிடித்திருக்கிறது. எந்தப் பொருளைத் தொட்டாலும் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார்.

கோபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வெண்கலப் புத்தர். தாமரைப் பீடத்தில் அமர்ந்து, பின்னால் ஒளிவட்டத்தோடு, வலது கையை அபயமாக உயர்த்தியிருக்கிறார். 1790இல் ஜப்பானின் தஜிமாவில் வார்க்கப்பட்டவர். பத்தடிக்கு மேல் உயரம், ஒன்றரை டன் எடை. 1949இல் கம்ப் சகோதரர்கள் என்ற வணிகர்கள் இவரைத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள். வெயிலிலும் மழையிலும் கூரையில்லாமல் இருக்கும் புத்தர் என்பது அவருக்கு வழங்கும் பெயர். பீடத்தில் சில்லறைக் காசுகள் கிடந்தன. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரக் கல்லில் சாக்ஸோடு நின்று கும்பிட்டாள். கழற்றியதைத் திரும்ப மாட்டத்தான் அரை நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் தோள் கொடுத்தேன்.

அங்கிருந்து பாதை கல்-சரளைத் தோட்டத்துக்குப் போகிறது. தண்ணீரே இல்லாமல் தண்ணீரைக் காட்டும் தோட்டம். நிமிர்த்து வைத்த கற்கள் அருவி, பரப்பிய வெண்சரளை ஆறு, நடுவே சின்னத் தீவு. இதை வடிவமைத்த நாகாவோ சகுராய் டோக்கியோ அரண்மனைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். 1953இல் திறக்கப்பட்டது. உட்கார்ந்து பார்ப்பதற்காகச் செய்த இடத்தை எல்லோரும் நடந்தபடியே தாண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் நாங்களும் தாண்டினோம். கியோட்டோவில் இப்படிப்பட்ட சரளைத் தோட்டங்களின் முன்னால் கோயில் தாழ்வாரம் இருக்கும், அதில் சம்மணமிட்டு உட்காரலாம். இங்கே அது இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

அடுத்து வரும் சரிவுதான் நான் முக்கியமாகப் பார்க்க வந்தது. சிறு குன்றுபோல எழும் நிலத்தில், பாறைகளுக்கு இடையே குட்டை மரங்கள். இடுப்பளவு, மார்பளவு. சில மரங்கள் என் வயதைவிடப் பெரியவை என்று தண்டைப் பார்த்தாலே தெரிகிறது. முடிச்சு முடிச்சாக, ஒரு பக்கம் சாய்ந்து, காற்றோடு வழக்காடியே வளர்ந்த மாதிரி. ஆனால் காற்று அல்ல, கத்தரிக்கோல்தான் அப்படி வளர்த்தது. ஒவ்வொரு கிளையையும் தலைமுறைக்கணக்கில் யாரோ கிள்ளியும் கட்டியும் வந்திருக்கிறார்கள். இந்த மரங்கள் ஹகிவாரா குடும்பத்தினுடையவை. மரங்கள் நிற்கும் இந்தப் பகுதியில்தான் அவர்களுடைய வீடு இருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, வயல் அனைத்தையும் விட்டு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோக்காரர்களைப் பெரும்பாலும் டான்ஃபரான் குதிரைப் பந்தயத் திடலில் கொண்டுபோய் அடைத்தார்கள். குதிரை கட்டிய கொட்டில்களில் சுண்ணாம்படித்துக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். ஹகிவாரா குடும்பமும் தோட்டத்தை விட்டு வெளியேறியது. மக்லாரன் அப்போது தொண்ணூறு தாண்டிய கிழவர், அடுத்த ஆண்டு இறந்துபோனார். கைகுலுக்கியதற்கு அந்தப் பக்கத்திலும் சாட்சி இல்லாமல் போயிற்று. தோட்டத்துக்கு 'ஓரியண்டல் தேநீர்த் தோட்டம்' என்று பெயர் மாற்றினார்கள். தேநீர் கொடுத்த ஜப்பானியப் பெண்கள் இருந்த இடத்தில் சீனப் பெண்களை நிறுத்தினார்கள். வீட்டை இடித்தார்கள். அவர்கள் வழிபட்ட ஷிண்டோ கோயிலையும் எடுத்தார்கள். போர் முடிந்து திரும்பி வந்தவர்களுக்குத் தோட்டத்தில் மறுபடி இடம் கொடுக்கவில்லை.

குட்டை மரங்கள் மட்டும் தப்பித்தன. அவை டாக்டர் ஹியூ ஃப்ரேசர் என்பவரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அவரும் அவர் மனைவியும் அவற்றைப் பத்திரமாக வளர்த்தார்கள். 1965இல், அந்த அம்மாளின் விருப்பப்படி, மரங்கள் தோட்டத்துக்கே திரும்பின. சாம் நியூசம் என்ற தோட்டக்கலைஞர் அவற்றை இந்தச் சரிவில் நட்டார். ஆக, வளர்த்த குடும்பம் திரும்ப முடியாத இடத்துக்கு அவர்கள் வளர்த்த மரங்கள் திரும்பி வந்துவிட்டன.

அக்கா வெகுநேரம் அங்கே நின்றாள். கடைசியில் கேட்டாள்: "வீட்டை எதுக்குடா இடிக்கணும்? ஆளைத்தான் அனுப்பியாச்சே."

எனக்குப் பதில் தெரியவில்லை. போர்க்காலக் கோபம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சண்டை ஆளோடு என்றால் ஆள் போனபிறகு வீட்டின்மேல் ஏன் கை வைக்க வேண்டும்? திரும்பி வர ஓர் இடம் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்தை அழிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அது வேண்டியிருந்தது, அதைச் செய்தவர்கள்தான் வேண்டாம்.

சரிவுக்கு அப்பால் அமைதி விளக்கு என்ற வெண்கல விளக்கு நிற்கிறது. நாலாயிரம் கிலோவுக்கும் மேல் எடை. போருக்குப்பின் ஜப்பானியக் குழந்தைகள் சிறுகச் சிறுகப் போட்ட காசில் வாங்கி, 1953இல் நட்பின் அடையாளமாக அனுப்பி வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1952இல், தோட்டத்துக்கு 'ஜப்பானிய' என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதே 1952இல்தான் ஜப்பானில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்று சட்டமும் மாறியது. நாடுகளுக்குள் சமாதானம் சீக்கிரம் வந்துவிட்டது. முகாமில் அடைக்கப்பட்டவர்களிடம் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்க 1988 ஆயிற்று. உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள்.

வாசல் பக்கம் திரும்பி வந்தபோது ஒரு பாறையில் பதித்த வெண்கலத் தகட்டைப் பார்த்தோம். உள்ளே நுழையும் வேகத்தில் முக்கால்வாசிப் பேர் கவனிக்காமல் போகும் இடம். ஹகிவாரா குடும்பத்துக்கு நன்றி சொல்லும் தகடு, 1974இல் வைத்தது. செய்தவர் ரூத் அசாவா. கம்பியைப் பின்னி ஒன்றுக்குள் ஒன்றாகத் தொங்கும் உருவங்கள் செய்து புகழ்பெற்ற சிற்பி. அவரும் பதினாறு வயதில் சாண்டா அனிடா குதிரைப் பந்தயத் திடலில் அடைபட்டவர். அங்கே உடன் அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்களிடம்தான் படம் வரையக் கற்றுக்கொண்டார். தோட்டத்துக்கு முன்னால் போகும் சாலைக்கு ஹகிவாரா பெயரை வைத்தது இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1986இல்.

அசாவாவின் கம்பிச் சிற்பங்களைப் பார்க்கவும் தொலைதூரம் போக வேண்டாம். அடுத்த கட்டடமான டி யங் அருங்காட்சியகத்தின் கோபுரத்தில், லிஃப்ட் ஏறும் கூடத்திலேயே தொங்குகின்றன. கோபுரத்துக்குச் சீட்டு வேண்டாம். இதைக் கேட்டதும் அக்காவின் முழங்கால் வலி பாதி பறந்துவிட்டது. சிற்பங்களைவிட அவை சுவரில் போட்டிருந்த நிழல்களை அவள் அதிகம் ரசித்தாள். "கூடை முடையற மாதிரி பின்னியிருக்கா பாரு" என்றாள். மெக்சிகோவில் கூடை பின்னுபவர்களிடம்தான் அசாவா இந்தக் கம்பிப் பின்னலைக் கற்றார் என்று நான் சொன்னபோது, தான் கண்டுபிடித்ததை நான் திருடிவிட்டதுபோல முறைத்தாள். மேலே ஒன்பதாவது தளத்தில் நாலாபுறமும் கண்ணாடி. மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. கீழே பச்சைக்கு நடுவே சிவப்பாகக் கோபுரத்தின் நுனி தெரிந்தது.

போக நினைப்பவர்கள் காலையில் போங்கள். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஈரக் கல் வழுக்கும். தேநீரோடு சேர்த்து இரண்டு மணி நேரம் தாராளம். தோட்டத்துக் கடையில் விசிறி, குடை, கோப்பை என்று எல்லாம் விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு அக்கா ஃபார்ச்சூன் குக்கி பொட்டலம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் பேரன், "ஐ, சைனீஸ் குக்கி! எந்த ரெஸ்டாரன்ட் போனீங்க பாட்டி?" என்றான். அமெரிக்காவில் சீன உணவகத்தில் பில்லோடு சேர்த்து இதைத் தருவார்கள், அதனால் அப்படி. சீனாவில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. கியோட்டோ பக்கத்துக் கோயில் தெருக்களில் மிசோவும் எள்ளும் சேர்த்து, இரும்பு அச்சில் சுட்டு, மடிப்பில் சீட்டுச் செருகி விற்ற பண்டம் இது. அமெரிக்காவில் இதைத் தேநீரோடு பரிமாறி அறிமுகப்படுத்தியவர் ஹகிவாராதான் என்பது சான் பிரான்சிஸ்கோக்காரர்களின் வாதம். இல்லை, நாங்கள்தான் என்று லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் சொல்வார்கள். 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் இதற்காக விளையாட்டு நீதிமன்றம் ஒன்று கூடியது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் உள்ளூர் நீதிபதி புத்திசாலி அல்ல என்று எச்சரிக்கும் சீட்டோடு ஒரு குக்கியையே சாட்சியமாகத் தாக்கல் செய்தார்கள். தீர்ப்பு எந்த ஊருக்குச் சாதகமாக வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஹகிவாராவுக்குச் சுட்டுக்கொடுத்த பெங்க்யோடோ என்ற ஜப்பானிய மிட்டாய்க்கடை 1906இல் தொடங்கியது; 2022இல்தான் ஒரேயடியாக மூடப்பட்டது. 1942இல் ஜப்பானியர்கள் முகாமுக்குப் போனபோது அவர்களுடைய பேக்கரிகள் அடைபட்டன. கேட்டு வந்த வாடிக்கையாளர்களுக்குச் சீனர்கள் சுட்டுக்கொடுக்கத் தொடங்கினார்கள். போர் முடிந்தபோது குக்கி சீனப் பண்டமாகியிருந்தது.

அக்கா இதையெல்லாம் பேரனுக்கு வரிசை மாறாமல் சொன்னாள். குதிரைக் கொட்டிலையும் விடவில்லை. ரூத் அசாவாவின் பெயரை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டாள். அவன் அதற்குள் நாலு குக்கியை உடைத்துச் சீட்டுகளை மேசையில் பரப்பியிருந்தான். ஐந்தாவதை அவள் வாங்கி வாயில் போட்டுப் பார்த்தாள்.

"மிசோவும் எள்ளும் போட்டதே நல்லா இருந்திருக்கும். இதுல வெறும் சர்க்கரை."